கல்யாண டைப்பில் ஒரு கல்லறை

எனக்குக் குழப்பம் புதிதல்ல. சித்தூரில் பிறந்து திருப்பதியில் வேலை பார்த்தவன் நான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வேலையில் ஆங்கிலம். காலையில் எழுந்து, கண்ட கனவு எந்த பாஷையில் வந்தது என்று யோசித்து, விடை தெரியாமலே பல் விளக்கப் போன நாட்கள் உண்டு. ஆனால் நைனாவின் கல்லறை எது என்பதிலேயே எனக்கு ஒரு நாள் குழப்பம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். அந்தக் கல்லில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவனே நான்தான். பின்னால் வந்த அத்தனை வம்புக்கும் அந்த எழுத்துதான் காரணம், அல்லது நான்தான் காரணம். இரண்டில் எது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில் திருப்பதியில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோக்கிற வேலை. மிஷன் பள்ளியில் படித்தவன் என்பதால் ஆங்கில வேலை முழுக்க என் தலையில். ஒரு நாள் முதலாளி மெட்ராசிலிருந்து ஒரு மரப்பெட்டி வரவழைத்தார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் போடுவதற்கென்றே வாங்கிய பெரிய ஆங்கில எழுத்து. காகிதத்தைப் பிரித்து முதல் எழுத்தைக் கையில் எடுத்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அச்சகத்தில் அது ஒரு அதிசயம். நான் வாய் ஓயாதவன்.

அந்த எழுத்தில் இரண்டே விதமான கோடுதான். ஒன்று தூண் மாதிரி தடிமன். இன்னொன்று தலைமுடி மாதிரி மெல்லிசு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. ‘ஏ’ எழுத்தின் இடது கால் முடி, வலது கால் தூண். ‘ஓ’வின் இரண்டு பக்கமும் நன்றாகச் சாப்பிட்ட வயிறு, தலையிலும் அடியிலும் மட்டும் ஒரு இழை. ஒவ்வொரு எழுத்தும் நிற்பதற்குக் காலடியில் ஒரு மெல்லிய கோடு. அச்சுக்கு விடும் முன் பிழை பார்க்க எடுக்கிற முதல் புரூஃபை வெளிச்சத்தில் பிடித்தபோது, அதில் இருந்த யாரோ ஒரு மணப்பெண்ணின் பெயரை நான் பத்து தடவையாவது படித்திருப்பேன். இது உண்மையிலேயே அழகா, இல்லை எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா என்று முதலாளியைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

எங்களுக்குள் அதற்குக் கல்யாண டைப் என்று பெயர். அந்த மெல்லிய கோடு கொஞ்சம் இறுக்கினாலும் உடையும், கை தவறிக் கீழே விழுந்தாலும் உடையும். அதனால் அந்தப் பெட்டியை வேறு யாரையும் தொட விடமாட்டேன். தொட்டால் கத்துவேன். முன்கோபி என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

நைனா சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேன் டிரைவர். வாரத்தில் நான்கு நாள் வேன் கிராமங்களுக்குப் போகும். புத்தலப்பட்டு, அதற்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம். முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் தலைமை நர்சான மேட்ரன் அம்மா உட்காருவார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மார்பில் நர்சுகளுக்கான பித்தளை பேட்ஜ். இருபது வருஷத்துக்குப் பக்கமாக அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு நைனாவைத் திட்டியிருக்கிறார். ஹாரன் அடித்தால் திட்டு, அடிக்காவிட்டால் திட்டு. நைனா “எஸ் மேடம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்ததும், அன்றைக்கு மேட்ரன் அம்மா என்னென்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் அம்மாவிடம் ஒப்பிப்பார். லீவு போட்ட நாளில் கூட, “இன்னிக்கு மேட்ரன் அம்மா எப்டி போயிக்கினு இருக்காங்களோ” என்பார். அம்மா குழம்புச் சட்டியைக் கொஞ்சம் பலமாகவே கீழே வைப்பாள்.

நைனாவின் காக்கிச் சட்டைக்குப் பித்தளைப் பொத்தான்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும் அம்மா அவற்றைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று திரும்பவும் மாட்டுவாள். ஒரு நாள் புத்தலப்பட்டிலிருந்து திரும்பிய நைனா வேனை ஷெட்டில் விட்டுவிட்டு, ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்தபடி போய்விட்டார். சவப்பெட்டியில் வைக்கும்போது வெள்ளைச் சட்டை போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. அந்தக் காக்கிச் சட்டையைத்தான் போட்டாள். அழுதுகொண்டே பொத்தான்களைத் தேய்த்ததை நான் பார்த்தேன்.

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. யார் முந்திப் போகிறார்களோ அவர்களுக்கு இருக்கிற இடம். அப்போது இரண்டு பழைய வெள்ளைக்காரப் பாதிரிமார் கல்லறைகளுக்கு நடுவில் இரண்டே இரண்டு குழிக்கு இடம் மிச்சம் இருந்தது. அதில் ஒன்றில் நைனாவை வைத்தோம். வருஷம் திரும்புவதற்குள் கல் வைத்து, ஐயர் வந்து ஜெபம் செய்ய வேண்டும் என்பது வழக்கம். எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்போம்.

மற்றவர்கள் கல்லெல்லாம் ஒரே மாதிரி தடித்த எழுத்தில் இருக்கும். எனக்கு அது போதவில்லை. வாழ்க்கை முழுக்க “எஸ் மேடம்” சொன்ன மனிதரின் பெயர் ஒரு தடவையாவது ஜமீன்தார் பெயர் மாதிரி நிற்க வேண்டும் என்று தோன்றியது. கல்யாண டைப்பில் கோத்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, “பெள்ளிக்கு வாங்கின டைப்புப்பா அது. சாவுக்கா போடுவாங்க?” என்றார். எழுத்துக்குக் கல்யாணமும் தெரியாது சாவும் தெரியாது என்று எதிர்த்துப் பேசினேன். புரூஃபை மடித்து எடுத்துக்கொண்டு, புத்தலப்பட்டு ரோட்டில் இருந்த கல் தச்சரிடம் போனேன். கடப்பைக் கல்லில் எழுத்து வெட்டுகிறவர், தெலுங்குக்காரர்.

அவர் காகிதத்தை முழங்காலில் விரித்து, அந்த மெல்லிய கோடுகள் மேல் கட்டை விரலை ஓட்டினார். “அய்யா, ஈ சன்ன கீத்த நிலவது. ராயி இதி, காகிதம் காது” என்றார். மெல்லிய கோடு நிற்காது, இது கல், காகிதம் இல்லை என்கிறார். கொஞ்சம் தடித்து வெட்டித் தருகிறேன் என்று நல்லபடியாகத்தான் சொன்னார். தடித்தால் அது அந்த எழுத்தே இல்லை என்று நான் குதித்தேன். ஒரு கோடு தடித்தாலும் கல்லை எடுக்க மாட்டேன் என்றேன். மனுஷர் பெருமூச்சு விட்டுவிட்டு, புரூஃபில் இருந்தது போலவே வெட்டிக் கொடுத்தார். மெல்லிய கோடுகள் நகத்தால் கீறியது போல் மேலோடு இருந்தன. கருப்புக் கல்லில் வெள்ளை பெயிண்ட் தடவி நிறுத்தியபோது, ஜெபத்துக்கு வந்தவர்கள் ஜெபத்தை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அடுத்த சில மாதத்தில் மேட்ரன் அம்மாவும் இறந்துபோனார். மிச்சம் இருந்த ஒரே இடம் நைனாவுக்குப் பக்கத்து இடம். புடவையோடும் பேட்ஜோடும் அவரை அங்கே வைத்தார்கள். காரியங்களை முன்னின்று பார்த்தவர் வேலூரில் இருந்து வந்த அவருடைய அண்ணன் மகன், என் வயதுக்காரர். நைனாவின் கல்லைப் பார்த்துவிட்டு, “சார், எங்க அத்தைக்கும் இதே மாதிரி எழுத்துல போட முடியுமா?” என்று கேட்டார். என் எழுத்தை ஒருவர் கேட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை. முடியுமாவா? நானே கோத்து, அதே அளவு, பெயருக்கு அதே இரண்டு வரி, கீழே நைனாவுக்குப் போட்ட அதே பைபிள் சங்கீத வசனம், புரூஃபை நானே கல் தச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கல் நிறுத்திய பிறகு அம்மா ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

“ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே பத்திரிக அடிச்சி குடுத்துட்ட இல்ல?”

அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கல்யாண டைப் என்று அதற்குப் பெயர் வைத்த கதையை எந்த மடையன் அம்மாவிடம் சொன்னான் என்று யோசித்தேன். நான்தான் சொல்லியிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். சபை வாலிபர் சங்கத்தின் ஊழியம் அது. பெரிய அண்டாவில் சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையால் செய்த பிரஷ்ஷால், கல், மேடை, சிலுவை என்று பாரபட்சம் பார்க்காமல் ஒரே அடி. விடியற்காலை ஆராதனைக்கு வரும்போது தோட்டம் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். அதன் பிறகு அவரவர் வீட்டுக் கல்லை அவரவர் தண்ணீர் விட்டுக் கழுவி, எழுத்துக்கு பெயிண்ட் தொட்டுக்கொள்ள வேண்டும். முதல் சில வருஷம் நான் ஊசி போல் ஒரு பிரஷ் வைத்துக்கொண்டு மெல்லிய கோட்டில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தேன். பிறகு எனக்குக் கல்யாணம், திருப்பதியில் குடித்தனம், குழந்தைகள். ஈஸ்டருக்கு வருவேன், அவசரமாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன், பஸ்ஸைப் பிடிப்பேன். கல்லைக் கழுவுகிற வேலையை அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டேன். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் ரோட்டை உயர்த்தியதில் தோட்டத்தின் பழைய கேட்டை அடைத்து, எதிர்ப் பக்கத்தில் புது கேட் வைத்திருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. இருதயம் பலவீனம், அதிக நாள் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே ஒரு நாள் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டியபடி சொன்னாள்.

“என்ன உங்க நைனா கூடவே வெச்சிடு. புதுசா இடம் எதுவும் தேட வேணாம்.”

குழி தோண்டிப் பதினாலு வருஷம் ஆகிவிட்டால், அதே குழியில் குடும்பத்தில் இன்னொருவரை வைக்கலாம் என்று சபையில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு கமிட்டி செயலாளரின் கையெழுத்து வேண்டும். அவரிடம் போனேன். “இவ்ளோதானே. எது உங்க நைனாதுன்னு வந்து காட்டுங்க, சந்தகம் போட்டு குடுத்துடறேன்” என்றார். சந்தகம் என்று அவர் சொன்னது கையெழுத்தைத்தான். இரண்டு பேருமாக நடந்து போனோம். பாதிரிமார் கல்லறைகளுக்கு நடுவில் போய் நின்றேன். காட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு கல்லும் ஒரே மாதிரி இருந்தன. மெல்லிய கோடு ஒன்றுகூட இல்லை. வருஷா வருஷம் இறங்கிய சுண்ணாம்பு அந்தக் கீறல்களை அடைத்துக் கல்லோடு கல்லாக இறுகிவிட்டது. தடித்த கோடுகள் மட்டும் பள்ளமாகத் தெரிந்தன. அந்த எழுத்திலிருந்து மெல்லிய கோடுகளை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? குச்சி. ‘ஈ’யும் ஒரு குச்சி, ‘எல்’லும் ஒரு குச்சி, ‘டி’யும் ஒரு குச்சி. ‘எச்’ என்பது இரண்டு குச்சி. இந்தக் கல்லில் இரண்டு வரி குச்சிகள், அந்தக் கல்லில் இரண்டு வரி குச்சிகள். ஈய எழுத்தில் ஆயிரக்கணக்கான வரிகளைத் தலைகீழாகவே படித்துப் பழகியவன் நான். நானே கோத்த வரியை, நேராக நிற்பதை, என்னால் படிக்க முடியவில்லை.

“ஏன் சார், மறந்துட்டீங்களா?” என்றார் செயலாளர். வெயிலில் கண் கூசுகிறது, நாளைக்கு வந்து காட்டுகிறேன் என்று மழுப்பினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் தெரியாதவன் போல் கேட்டேன். “அம்மா, நைனாது எந்தப் பக்கம் இருக்குது?”

“இது ஒரு கேள்வியா? உள்ள நொழைஞ்சா சோத்துக்கை பக்கம்.”

“எந்த கேட்ல நொழைஞ்சா?”

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். வலது கையை ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள், உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பி இன்னொரு தரம் தூக்கினாள். “எந்த கேட்டா இருந்தா இன்னாடா, சோத்துக்கை சோத்துக்கைதான” என்றாள். ஆனால் அவள் மனசில் பதிந்திருந்த சோத்துக்கை பழைய கேட்டுக்கா புது கேட்டுக்கா என்பது அவளுக்கே தெரியவில்லை. கேட் மாறிய பிறகு எத்தனை ஈஸ்டருக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறோம் என்று அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடக்கம் நடந்த நாளில் ஒரு பாதிரியின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கமும் சிலுவை, இந்தப் பக்கமும் சிலுவை. எதைப் பிடித்தேன்?

சபை ரிஜிஸ்டரில் பெயர், வயது, அடக்கம் செய்த தேதி எல்லாம் இருந்தன, இடம் மட்டும் இல்லை. குழி வெட்டினவர் எப்போதோ காலமாகிவிட்டார். கல் தச்சரைத் தேடிப் போனேன். பார்வை மங்கி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். “நேனு அப்புடே செப்பானு கதா” என்றார். நான் அப்போதே சொன்னேன் அல்லவா என்று அர்த்தம். எந்தக் கல்லை எந்தப் பக்கம் நிறுத்தினார் என்பது அவருக்கும் நினைவில்லை.

நிதானமாக யோசித்திருந்தால் வழி இருந்தது. குச்சிகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை அளந்து, இரண்டு பெயரையும் திரும்பக் கோத்து, ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் நிதானமாக யோசிக்கிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது? “புளி போட்டுத் தேய்டா, எல்லாம் வரும்” என்றாள் அம்மா. புளியை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்தேன். சுண்ணாம்பு கொஞ்சம் பழுப்பானதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. புளி செய்கிறதை ஆசிட் சீக்கிரம் செய்யும் என்று பட்டது. மறுநாள் மத்தியானம் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் ஒரு பாட்டிலும் நார் பிரஷ்ஷும் எடுத்துப் போனேன்.

முதல் கல்லில் ஊற்றினேன். சுண்ணாம்பு சர்ரென்று பொங்கிக் கரைந்தது. அடியில் கருப்புத் தெரிந்தது. ஒரு வளைந்த மெல்லிய கோடு, நான் காதலித்த அதே கோடு, ஒரு கணம் எட்டிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதைப் படிக்கக்கூட நிற்காமல், இரண்டையும் ஒரே வீச்சில் முடித்துவிடலாம் என்று அடுத்த கல்லுக்கு ஓடி அதிலும் ஊற்றினேன். திரும்பி வந்து பார்த்தால் முதல் கல் இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு ஜாதிதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணீருக்கு ஓடினேன். குடம் நிறைந்து வருவதற்குள் மேல் தோல் சில்லு சில்லாகக் கழன்று, தடித்த குச்சிகளும் மழுங்கிப் போயிருந்தன. இரண்டு கல்லிலும் தேய்ந்து போன சோப்பில் இருக்கிற மாதிரி ஏதோ மேடு பள்ளம். அவ்வளவுதான். பிரஷ்ஷை வீசி எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நைனாவை இரண்டாவது தடவை நான் புதைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அழுகை வந்தது. எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்றுகூடத் தெரியவில்லை.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. கை விரலெல்லாம் வெந்திருந்தது. முழுக்கச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தன் வீங்கின காலைத் தடவி விட்டுக்கொண்டே சொன்னாள்.

“தப்பி போச்சின்னா என்ன அந்தம்மா கூட படுக்க வெச்சிடுவ.”

“அப்படி ஆவாதும்மா.”

“இருபது வருசம் அந்தம்மாதான் அவுரு பக்கத்துல உக்காந்துக்கினு போச்சி. நான் ஒரு நாளாவது அந்த வண்டி முன்னாடி சீட்டுல உக்காந்தேனா? செத்ததுக்கு அப்புறமும் பக்கத்துலயே போய் படுத்துக்கிச்சி. கடைசில எனக்கு அவுரும் கெடையாது, அந்தம்மாவோட படுத்துக்கினு இருக்கணும். அப்டித்தான?”

அவள் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மனசுக்குள் இத்தனை வருஷம் வைத்திருந்தாள். என் எழுத்துப் பைத்தியம் அதைக் கிளறி மேலே கொண்டுவந்துவிட்டது. வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு அவளை ரிக்‌ஷாவில் வைத்துக் கூட்டிப் போனேன். ஒரு நாற்காலியும் எடுத்துப் போய், இரண்டு கல்லறைகளுக்கும் எதிரில், சரியாக நடுவில் போட்டு உட்கார வைத்தேன். வாலிபர்கள் முந்தின நாள் வழக்கம் போல் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பாட்டு முடிந்து கிழக்கு வெளுத்தது. நான் இரண்டு மெழுகுவர்த்தி வாங்கி வந்திருந்தேன். இரண்டையும் பொதுவாக நடுவில் மண்ணில் நட்டு வைத்தேன்.

அப்போது வேலூரிலிருந்து மேட்ரன் அம்மாவின் அண்ணன் மகன் வந்தார். அவரும் பல வருஷமாக வரவில்லை. தலை பாதி நரைத்திருந்தது. கையில் தாமரை இலையில் கட்டிய மல்லிகை. கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கல்லைப் பார்த்தார். “மன்னிச்சிக்கோங்க சார். நீங்கதானே எழுத்து போட்டுக் குடுத்தீங்க. இதுல எங்க அத்தை எது?” என்றார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். எனக்குத் தெரியாது, நான்தான் அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். பூவில் ஊற்றிய தண்ணீர் இலை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மா கைத்தடியைத் தூக்கினாள்.

“அது உங்க அத்தப்பா” என்று இடது பக்கத்துக் கல்லைக் காட்டினாள். தடியை வலது பக்கம் திருப்பினாள். “இது எங்க வூட்டுக்காரு.”

சந்தேகமே இல்லாத குரல். அவர் தலையாட்டிவிட்டுப் போய், இடது கல்லறையில் மல்லிகையை வைத்து, முழங்கால் போட்டார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. தோள் குலுங்கியது. நான் நடுவில் நட்டிருந்த மெழுகுவர்த்திகளைப் பிடுங்கி, ஒன்றை அந்தப் பக்கமும் ஒன்றை இந்தப் பக்கமும் வைத்தேன். ஏதோ நினைவுக்கு வந்திருக்கிறது, அம்மாவுக்கு அடையாளம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்து என் நெஞ்சு லேசானது.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது கேட்டேன். “எப்டிம்மா கண்டுபுடிச்ச?”

“நான் எங்கடா கண்டுபுடிச்சேன்?”

“பின்ன காட்டினியே?”

“அந்த புள்ள பூவ வெச்சிக்கினு நிக்குது. நீ மாடு மாதிரி முழிச்சிக்கினு நிக்கிற. யாராவது ஒருத்தர் சொல்லித்தான ஆவணும்.” கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பவும் சொன்னாள். “இனிமே அதுதான். மாத்தாத.”

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். தூக்கத்தில், சத்தமில்லாமல். செயலாளரிடம் போய், வலது பக்கத்துக் கல்லறை என்று சொன்னேன். சந்தகம் போட்டுக் கொடுத்தார். குழி வெட்டுகிறவர் புதிய ஆள், நடுத்தர வயது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, “எந்தப் பக்கம் சார்?” என்று இன்னொரு தரம் கேட்டார். வலது பக்கம் என்று கை காட்டினேன். இந்தத் தடவை கை நிற்கவில்லை.

ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மாவின் பெட்டி கோயிலில் இருந்தது. நான் மட்டும் குழி தயாராகிவிட்டதா என்று பார்க்க வந்து, பாதிரியின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் மார்பளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தார். மண்வெட்டிச் சத்தம் திடீரென்று மாறியது. நின்றது. குனிந்து எதையோ கையால் துழாவுவது தெரிந்தது.

“சார், பழசு கொஞ்சம் கெடக்குது. பித்தள மாதிரி ஏதோ ஒண்ணு ஆப்டுது. வந்து பாருங்க.”

இரண்டு எட்டு வைத்தால் போதும். பொத்தானா, பேட்ஜா? ஒன்று உருண்டையாக இருக்கும், ஒன்றில் பின் இருக்கும். இத்தனை மாதமாக நான் சுமந்த குழப்பம் முழுவதும் அந்த மனிதரின் மண் பிடித்த உள்ளங்கையில் இருந்தது. நான் சிலுவையை விடவில்லை. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. பேட்ஜாக இருந்தால் நான் என்ன செய்வேன்? அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? இடது பக்கத்தில் முழங்கால் போட்டு அழுத அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வேன்? மாற்றாதே என்று அவள் சொல்லியிருந்தாள்.

“இருந்த எடத்துலயே வச்சி மண்ண போட்டுடுங்க” என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுக் குனிந்தார். நான் முகத்தைத் திருப்பி, கோயில் மணி அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

கோத்த வரியைப் புரூஃப் பார்க்காமல் அச்சுக்கு விட்டது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.